அரிட்டாபட்டி: மலையும் சுரங்கமும்

மதுரை மாவட்டம் மேலூர் அருகே ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர் அரிட்டாபட்டி. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், அதிலுள்ள அரிய லகுலீசர் சிற்பம், தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம், தமிழிக் கல்வெட்டு எல்லாம் இங்கே அடுத்தடுத்துக் கிடக்கின்றன. பக்கத்து மீனாட்சிபுரம் ஓவாமலையில் ராபர்ட் சீவெல் 1882இல் கண்டறிந்த மாங்குளம் கல்வெட்டுகள், கணி நந்தன் என்னும் சமணத் துறவிக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்ததைச் சொல்லி, நெடுஞ்செழியன் பெயரையும் குறிப்பிடுகின்றன. ஆயினும் தொன்மை மட்டுமே இம்மலைகளைக் காத்துவிடவில்லை. சுற்றுவட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் பெருகிய காலத்தில், 2012இல் மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, முறைகேடான குவாரிகளால் அரசுக்கு நேர்ந்த இழப்பை 16,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டது. அரிட்டாபட்டி மலை அப்போது தப்பியது ஊரார் எதிர்ப்பால்தான். அரசின் அங்கீகாரம் அதன் பிறகே வந்தது: 2022 நவம்பரில் 193.42 ஹெக்டேர் பரப்பு தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

அந்த அறிவிப்பு எவ்வளவு தாங்கும் என்பது இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. 2024 நவம்பரில் ஒன்றிய அரசின் ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போன நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏறத்தாழ 2,015 ஹெக்டேர். பாரம்பரியத் தலமும் அதற்குள் அடங்கியிருந்தது. எதிர்ப்பு வலுத்ததும், தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மறுஆய்வு செய்யுமாறு புவியியல் ஆய்வுத் துறையிடம் ஒன்றிய அரசு கேட்டது. டங்ஸ்டன் நாட்டுக்குத் தேவையான கனிமம், பழஞ்சின்னங்களைத் தொடாமல் தோண்டினால் என்ன குறை என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் குன்றில் விழும் மழை ஆனைகொண்டான் போன்ற கண்மாய்களுக்கு இறங்கி வயலுக்குப் போகிறது. வேலி போட்டுச் சிற்பத்தைக் காக்கலாம், நீர்வரத்தை அப்படிக் காக்க இயலாது. வேளாண்மை அற்றுப்போன ஊரில் மலையைக் காவல் காக்க யார் இருப்பார்கள்? மேலூர்ப் பகுதி மக்கள் ஏலம் முழுவதையும் ரத்து செய்யக் கேட்டதன் பொருள் இதுவே. 2024 டிசம்பர் 9இல் தமிழகச் சட்டமன்றம் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7இல் மக்கள் மேலூரிலிருந்து மதுரை தல்லாகுளத்துக்குப் பேரணியாக வந்தனர். ஜனவரி 23இல் ஏலம் ரத்தானது.

சுரங்கத்துக்கு மாற்று சுற்றுலா என்று இப்போது எளிதாகச் சொல்கிறார்கள். இங்குள்ள லகடு வல்லூறு என்னும் பறவையையும் லகுலீசரையும் பார்க்க வருவோரால் ஓரளவு வருமானம் வரும், மறுப்பதற்கில்லை. எனினும் மலையைக் காத்தது வந்து பார்த்தவர்களின் கூட்டமன்று. அதை நம்பிப் பயிரிடுபவர்களின் பிடிவாதம். எனவே இங்கே எந்தச் சுற்றுலாத் திட்டமும் முதலில் கிராம சபையின் ஒப்புதலைப் பெற வேண்டும்.