கதை தெரிந்தவர் காணும் கூத்து

திரௌபதியம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து இரவில் நடைபெறும். பகலில் பிரசங்கியார் ஒருவர் பாரதக் கதையை எடுத்துரைப்பார். கேட்டிருந்த எளிய உழவர்களும், துச்சாதனன் வேடம் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படுமுன்பே அவன் யார், எச்செயலுக்கு வருகிறான் என்பதை அறிவார்கள். கதை தெரிந்திருந்தும் விடியுமளவும் அவர்கள் எழுவதில்லை. பண்டைக் கிரேக்கரின் நாடக அரங்கிலும் இதுவே வழக்கம். கூடியிருந்தோர் பெரும்பாலும் முன்னரே அறிந்த புராணக் கதைகளே அங்கு நடிக்கப்பட்டன.

அயல்நாட்டுக் கலைப்படம் காணச் செல்லும்போது மட்டும் நாம் இம்முறையை மறந்துவிடுகிறோம். வித்துராவிலும் அதனையடுத்த மலைத்தோட்டங்களிலும் வாழும் நம்மவர்க்கு இத்தகைய படங்கள் எட்டாதவையல்ல. நெடுமங்காடு வழியே சென்றால் திருவனந்தபுரம்; 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கிய நகரம் அது. பெரும்பாலும் டிசம்பர்த் திங்களில் அங்கு உலகத் திரைப்பட விழா நடைபெறுகிறது. இடம் கிடைப்பது அரிதுதான். கிடைத்த பின்னர் விளங்காமல் எழுந்து வருவது அதனினும் வருத்தம்.

தியோ ஆஞ்செலோபுலோஸ் 1975-இல் வெளியிட்ட 'ஓ தியாசோஸ்' என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். 'நடிகர் குழு' என்பது பெயரின் பொருள். ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும் இப்படத்தில், ஓர் இடைப்பெண்ணின் காதல் நாடகத்தை ஊரூராக நடித்துச் செல்கிறது ஒரு குழு. நாடகம் அடிக்கடி இடையில் நின்றுபோகிறது. நிறுத்துவது நாட்டின் வரலாறு.

அவ்வரலாற்றை அறிந்து செல்லுதல் வேண்டும். 1936 ஆகஸ்டில் மெட்டாக்ஸாஸின் சர்வாதிகாரம். 1940 அக்டோபரில் இத்தாலியின் படையெடுப்பு. 1941 முதல் 1944 வரை ஜெர்மானியர் ஆட்சி. அவர்கள் அகன்றபின் 1944 டிசம்பரில் ஏதென்ஸ் வீதிகளில் மக்கள்மீது துப்பாக்கிச் சூடு. 1946 முதல் 1949 வரை உள்நாட்டுப் போர். படமோ இவற்றை வரிசையாகச் சொல்லாது. 1946-ஆம் ஆண்டுப் புத்தாண்டு விருந்திலிருந்து வலதுசாரிக் கூட்டமொன்று பாடிக்கொண்டு தெருவில் நடக்கிறது. காட்சி அறுபடாமலே அவர்கள் 1952-ஆம் ஆண்டுத் தேர்தல் கூட்டத்தை அடைந்துவிடுகின்றனர். ஆண்டுகளை அறியாதவருக்கு அது வெறும் ஊர்வலம்.

பழங்கதையும் வேண்டும். டிராய்ப் போரிலிருந்து மீண்ட அகமெம்னனை மனைவியும் அவள் காதலனும் கொன்றனர். எலெக்ட்ராவின் துணையோடு மகன் ஒரெஸ்டஸ் பழிதீர்த்தான். இக்குடும்பமே இருபதாம் நூற்றாண்டில் நடிகர் குழுவாக அலைகிறது. தந்தையைக் காட்டிக்கொடுப்பவன் தாயின் காதலன்; சுட்டுக் கொல்பவர் ஜெர்மானியர். கதையை முன்னரே சொன்னால் சுவை கெடும் என்பாரும் உளர். துப்பறியும் கதைக்கு அது பொருந்தும், இங்குப் பொருந்தாது.

கொரில்லாப் படையில் சேர்ந்த ஒரெஸ்டஸ் ஒரு நாள் நாடக மேடையிலேயே தோன்றித் தாயையும் அவள் காதலனையும் சுட்டு வீழ்த்துகிறான். நாடகத்தின் பகுதியென எண்ணிச் சபையோர் கைதட்டுகின்றனர். பின்னர் அவனுக்கும் மரண தண்டனை நிறைவேறுகிறது. உடலைப் புதைக்கையில், குழியருகே நிற்கும் நடிகர்கள் கைதட்டுகின்றனர்.