சித்தப்பாவின் கேமராவும் சுங்கச் சீட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு பேச்சு ஓடியது. நரிக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் வானம் பார்க்க ஒரு நல்ல தொலைநோக்கி வாங்கி, "சாருக்கு அன்பளிப்பு" என்று எழுதி அமெரிக்காவிலிருந்து பார்சலில் அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். மனம் நிறைந்தது. ஆனால் அப்படி அனுப்ப வேண்டாம். ஏன் என்று சொல்லப் போனால் என் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உறவுக்காரர்கள் கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் என் சொந்தப் பாடம். என்னிடம் இருக்கும் சின்னத் தொலைநோக்கிக்கு 2023-ல் வெளிநாட்டிலிருந்து ஓர் ஐபீஸ், அதாவது கண்பக்கத்து லென்ஸ், வரவழைத்தேன். பொருள் 8,000 ரூபாய். அனுப்பும் கூலியும் காப்பீடும் 2,000. எட்டாயிரத்துக்குத்தான் வரி என்று நினைத்திருந்தேன். இல்லை. நம் சுங்கச் சட்டம் பொருளின் விலையோடு கப்பல் அல்லது விமானக் கூலியையும் காப்பீட்டையும் கூட்டித்தான் மதிப்புப் போடுகிறது. ஆக 10,000. அதன்மேல் அடிப்படைச் சுங்கவரி 35 சதவீதம், 3,500. அந்த வரியின்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் தீர்வை, 350. இப்போது 13,850 ஆகிறதா? இந்த மொத்தத்தின்மேல் 28 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி., 3,878. கூட்டிப் பாருங்கள், வரி மட்டும் 7,728. நூற்றுக்கு 77.28. வரிக்கும் வரி போடுகிற இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்பில் கூட்டுவட்டி நடத்தும்போது சொல்லியிருந்தால் நீங்கள் யாரும் தூங்கியிருக்க மாட்டீர்கள். இது போக, கொண்டுவந்து தந்த கூரியர் நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டது. விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். கணக்குப் போடும் முறை இதுதான்.

சுங்கம் நமக்குப் புதிதில்லை. திருக்குறளில் அரசனுக்குரிய வருவாயில் ஒன்றாக 'உல்கு' வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் இறங்கிய பொதிகளுக்குப் புலி முத்திரை குத்திச் சுங்கம் கொண்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர். ஒரு வரியை எடுத்ததற்காக ஒரு ராஜாவை ஊர் இத்தனை நூற்றாண்டு நினைவு வைத்திருக்கிறது என்றால், அந்த வரி எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும் என்று வகுப்பில் கேட்பேன். யாரும் பதில் சொன்னதில்லை.

நம் கரிசல், செவக்காட்டுச் சீமை வேறு மாதிரி. மழை பொய்த்தால் கண்மாய் வறண்டு போகும், மிளகாயும் பருத்தியும் காய்ந்து போகும், ஆட்கள் கடல் தாண்டுவார்கள். கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர். 1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பலும் இரு பக்கமும் ரயிலும் இணைந்த பிறகு, இலங்கைக்குப் போவது மதுரைக்குப் போவதுபோல ஆனது என்று என் அப்பத்தா சொல்லும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. அதற்கு முன்பு அந்தப் பக்கம் இருந்து வந்தவர்களின் பெட்டியில் சோப்பும் தேயிலையும் சீத்தைத் துணியும் இருக்கும். சுங்கத்தில் கிண்டிக் கிளறித்தான் விடுவார்கள்.

விடுதலைக்குப் பிறகு கதை இன்னும் இறுகியது. 1947-லேயே ஏற்றுமதி இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. அந்நியச் செலாவணி பற்றாக்குறை. இயந்திரம், எண்ணெய், உணவு தானியம் வாங்கவே டாலர் பற்றாதபோது, பொழுதுபோக்குச் சாமானுக்கு யார் கொடுப்பார்கள்? அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் புகைப்படம் எடுப்பது, வானொலி கேட்பது, தபால்தலை சேர்ப்பது, நட்சத்திரம் பார்ப்பது எல்லாம் பணக்காரன் விளையாட்டு என்ற முடிவும் அதோடு சேர்ந்தே எடுக்கப்பட்டது. வானொலிப் பெட்டி வைத்திருந்தால் தபால் ஆபீசில் வருடா வருடம் லைசென்ஸ் கட்டினோம் என்றால் இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 1980-களின் நடுவில்தான் அது ஒழிந்தது.

கேமரா விஷயத்தில் உள்நாட்டிலேயே வழி தேடினார்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை வந்தது, 'இந்து' என்ற கறுப்பு வெள்ளை பிலிம் அங்கே தயாரானது. அக்ஃபா கிளிக் பெட்டிக் கேமரா இங்கேயே செய்யப்பட்டது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் வைத்திருந்தது அதுதான். வெயிலில் நிற்கும் ஆளை எடுக்கலாம். கோயில் உள்மண்டபத்துத் தூணில் இருக்கும் கல்வெட்டை எடுக்க முடியாது. எனக்கு வேண்டியிருந்தது கல்வெட்டு.

இனி வீட்டுக் கதை.

என் சித்தப்பா சிங்கப்பூரில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். 1979-ல் ஊருக்கு வருகிறேன் என்று கடிதம் போட்டார். ஒரு ஜப்பான் கேமரா வாங்கி வாருங்கள் என்று நான் பதில் எழுதினேன். இங்கிருந்து பணம் அனுப்ப முடியாது, அந்நியச் செலாவணிச் சட்டம். அதனால் 500 ரூபாயைச் சித்தி கையில் கொடுத்துவிட்டேன். அந்தக் காலத்தில் 'ரஜூலா' நின்ற பிறகு 'சிதம்பரம்' என்ற கப்பல்தான் சிங்கப்பூர், பினாங்கு ஆட்களுக்கு ஊர்வழி. (1985-ல் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்ப்பலி ஆனதே, அதே கப்பல்.) சித்தப்பா அதில்தான் வந்தார். ரயிலேறி மானாமதுரையில் இறங்கி, வண்டி மாறி வீடு வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறந்தார். கோடாலித் தைலம் இருந்தது, சட்டைத்துணி இருந்தது, கேமரா இல்லை.

"சுங்கத்துல வச்சுக்கிட்டாங்கப்பா. திரும்பப் போகையில வாங்கிக்கலாம்" என்றார்.

யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அரசாங்கம் ஒரு பொருளைப் பிடித்தால் பறிமுதல் செய்யும், இல்லை வரி வாங்கிக்கொண்டு விடும். வைத்திருந்து திருப்பித் தருவது எந்த ஊர் வழக்கம் என்று என் அப்பாவே கேட்டார். சென்னையில் பர்மா பஜார் அப்போது பேர் பெற்ற இடம். பர்மாவிலிருந்து அகதிகளாய் வந்தவர்கள் பிழைப்புக்கு 1969-ல் கடை போட்ட இடம், வெளிநாட்டுச் சாமானுக்கு அங்கே உடனே காசு. சித்தப்பா கேமராவை அங்கே விற்றுவிட்டார் என்று ஒரு பேச்சு. மச்சினன் மகனுக்குக் கொடுத்துவிட்டார் என்று இன்னொரு பேச்சு. எங்கிருந்து கிளம்பியது என்று இன்றுவரை தெரியாது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. இரண்டு வருடம் கழித்து நாலு ஆட்டை விற்று 500 ரூபாயைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். நான் எடுத்து எண்ணிப் பார்த்தேன். எண்ணியிருக்கக் கூடாது.

அவர் திரும்பச் சிங்கப்பூர் போகவே இல்லை. 2004-ல் காலமானார். சித்தியும் போன மாசியில் போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்து தம்பி தகரப்பெட்டியைத் திறந்தபோது, பழைய பாஸ்போர்ட்டுக்குள் மடித்த ஒரு சீட்டு. 'கேமரா ஒன்று, லென்சுடன்' என்று ஆங்கிலத்தில் எழுதி, மதிப்பும் அதற்கான தீர்வையும் போட்டு, முத்திரை குத்திய தடுத்துவைப்பு ரசீது. கேமராவின் மதிப்பைவிடத் தீர்வை அதிகம்.

அன்று இரவே சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1962-ஆம் வருடத்துச் சுங்கச் சட்டம், 77-வது பிரிவு, பயணி தன் பெட்டியில் உள்ளதைத் தானே அறிவிக்க வேண்டும் என்கிறது. 80-வது பிரிவு, அப்படி மறைக்காமல் அறிவித்த பொருளுக்கு வரி கட்ட முடியாவிட்டால் அதை அதிகாரியிடம் வைத்துவிட்டு, நாட்டை விட்டுத் திரும்பப் போகும்போது பெற்றுக்கொள்ளலாம் என்கிறது. சித்தப்பா சொன்னது எழுத்துக்கு எழுத்து சட்டத்தில் இருந்தது. நான் சரித்திரம் நடத்திய வாத்தியார். அந்தச் சட்டத்தை எடுத்துப் பார்க்க எனக்கு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மறைத்து எடுத்து வந்தவர்கள் பலர் ஊரில் கெத்தாகத் திரிந்தார்கள். கேட்டவுடன் உண்மையைச் சொல்லிப் பொருளை விட்டுவிட்டு வந்தவருக்குத்தான் திருட்டுப் பட்டம்.

பிறகு நாடு மாறியதை நீங்களே அறிவீர்கள். 1991-க்கு முன் 300 சதவீதத்தைத் தாண்டிய இறக்குமதி வரிகளும் இருந்தன. அந்த ஜூலை பட்ஜெட்டில் மன்மோகன் சிங் உச்ச வரம்பை 150 ஆக்கினார். படிப்படியாக இறங்கி, 2007 வாக்கில் விவசாயப் பொருள் அல்லாதவற்றுக்குப் பொதுவாக 10 சதவீதம் என்ற அளவுக்கு வந்தது. 2001 ஏப்ரலில் நுகர்வுப் பொருள்களுக்கு மிச்சமிருந்த அளவுக் கட்டுப்பாடுகளும் நீங்கின. எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அண்மைக் காலத்தில் சக்கரம் கொஞ்சம் பின்னோக்கியும் சுற்றுகிறது. விளையாட்டுப் பொம்மைகளுக்கு 20 ஆக இருந்த சுங்கவரி 2020-ல் 60 ஆனது, 2023-ல் 70. உள்ளூர்ப் பொம்மைத் தொழிலுக்கு அது தெம்பு கொடுத்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. சின்ன ரயில் பெட்டி சேர்க்கும் ஆட்களுக்கு வயிற்றெரிச்சல்.

உங்கள் "அன்பளிப்பு" யோசனைக்கு வருகிறேன். 2019 டிசம்பர் 12 அன்று வந்த அறிவிக்கையின்படி, தபாலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்று சொல்லி வரியில்லாமல் இறக்குமதி செய்வது தடை. விலக்கு இரண்டுக்குத்தான்: உயிர்காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. தொலைநோக்கி இரண்டிலும் சேராது. அமெரிக்காவிலிருப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். 800 டாலர் வரை வரியில்லாமல் பார்சல் விட்ட உங்கள் ஊரும் 2025 ஆகஸ்டில் அதை நிறுத்தியது. நம் அஞ்சல் துறை சில வாரம் அங்கே பொட்டலம் எடுப்பதையே நிறுத்தி வைத்தது. நான் அனுப்ப வைத்திருந்த மிளகாய் வற்றல் இன்னும் பரணில்தான் இருக்கிறது.

என் யோசனை இது. தொலைநோக்கியை இந்தியாவிலேயே, ரசீதோடு வாங்குவோம். வில்லை மாதிரி சின்னப் பொருள் ஏதும் வெளியிலிருந்து வேண்டுமானால் ஊருக்கு வருகிறவர் கையோடு கொண்டு வரட்டும். 2016 விதிகளில் ஆளுக்கு 50,000 ரூபாய் வரை விலக்கு இருந்தது, அதற்குமேல் போனால் மிகுதிக்கு 38.5 சதவீதம் கட்ட வேண்டியிருந்தது. கிளம்பும் முன் அன்றைய விதியை ஒருமுறை பாருங்கள். வரி விழுந்தால் வரியைச் சொல்லுங்கள், நாம் பங்கு போட்டுக் கட்டுவோம். குறைத்து மதிப்பு எழுதுவது, பெட்டியைப் பிரித்துப் பழைய பொருள் என்பது, இதெல்லாம் வேண்டாம்.

உறவுகளுக்கு: அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். தம்பி சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். நேற்று அவன் வீட்டுக்குப் போய் 500 ரூபாயை நீட்டினேன். "இதை நான் வாங்குனா அவுக வாங்குன மாதிரி ஆகுமாண்ணே?" என்று கேட்டான். பணத்தைத் திருப்பிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவன் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.