நடுகற்களைத் தேடிய நண்பர்

நடுகற்களைத் தேடிச் செல்லும் பழக்கத்தை எங்களுக்கு ஏற்படுத்திய நண்பர் மறைந்து ஓராண்டு நிறைவடைகிறது. அவருடைய பெயரை நாங்கள் இங்கே எழுதவில்லை. தாம் படித்துத் தந்த கல்வெட்டு வாசகங்களின் கீழ்த் தம் பெயரை இடவேண்டாம் என்று இறுதிவரை சொல்லிவந்தவர் அவர். எனவே அவர் நேசித்த கற்களின் வழியாகவே அவரை நினைவுகூர விழைகிறோம்.

நண்பர் கல்வெட்டியலை முறையாகப் பயின்றவர் அல்லர். வங்கிப் பணியில் இருந்தவர். தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலே அவருக்கு ஆசான். அதைப் படித்துப் படித்தே வட்டெழுத்தைக் கற்றுக்கொண்டார். பின்னர் விடுமுறை நாட்களில் எங்களையும் உடனழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார்.

அவர் எங்களுக்கு முதலில் படித்துக்காட்டியது எடுத்தனூர் நடுகல். திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த இக்கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுக்கப்பட்டது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் கால்நடைப் பூசலில் உயிர்நீத்த செய்தியை அது கூறுகிறது. அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது அந்நாய் என்று கல் தனியே குறிப்பிடுகிறது. மன்னர்களின் மெய்க்கீர்த்திகளையே வரலாறு என்று எண்ணியிருந்த எங்களுக்கு, ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாக நிலைத்திருப்பது பெரும் வியப்பாயிற்று.

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனக் கல்லெடுக்கும் முறையை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. நடுகல்லில் எழுத்துப் பொறிக்கும் வழக்கம் சங்கப் பாடல்களிலும் பேசப்படுகிறது. ஆயினும் அக்காலத்து எழுத்துடைய கல் நெடுநாள் கிடைக்காமலே இருந்தது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துகளுடன் கூடிய மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்றில் 'ஆகோள்' என்ற சொல்லே இருந்தது. அச்செய்தி வந்த நாளில் நண்பர் எங்கள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, தம் வீட்டு விசேஷத்தைச் சொல்வதுபோல் சொல்லி மகிழ்ந்தார்.

இனி எங்கள் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறோம். தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் சிதைந்த நடுகல் ஒன்றைப் பார்த்தோம். கல்லைத் துலக்கி, நீர் தெளித்து, தாளை ஒட்டித் தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படியெடுத்தோம். கருமைக்கிடையே எழுத்துகள் வெள்ளையாகத் தெரிந்தன. இறந்தவன் பெயரின் முதலெழுத்தில்தான் சிக்கல். பிற்கால வட்டெழுத்தில் பகரமும் வகரமும் எளிதில் மயங்கும். நாங்கள் பகரம் என்றோம். நண்பர் வகரம் என்றார். எங்கள் தரப்பில் ஆள் அதிகம். குரலும் சற்று உயர்ந்துவிட்டது. அவர் சினங்கொள்ளவில்லை. "சாயங்கால வெயிலில் இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் பேசுவோமே" என்று மட்டும் சொன்னார்.

அந்த இன்னொரு தடவையை நாங்கள் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தோம். ஒருவருக்கு அலுவலகம், ஒருவருக்குத் திருமணம், பிறகு மழை. அதற்குள் அவர் போய்விட்டார். அவருடைய காரியங்கள் முடிந்தபின் ஒரு மாலையில் அக்கல்லிடம் சென்றோம். சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது கீறலின் ஆழம் தெளிவாகத் தெரிந்தது. வகரமேதான். பகரமாக எங்களுக்குத் தோன்றச் செய்த கோடு, கல்லின் வெடிப்பு.

வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் தன் நண்பர் பொத்தியாரை, மகன் பிறந்தபின் வருக என்று திருப்பி அனுப்பினான். அவர் திரும்பி வந்தபோது அங்கே நடுகல்தான் இருந்தது. அக்கல்லை நோக்கித் தமக்குரிய இடம் எது என்று அவர் கேட்பதாகப் புறநானூறு காட்டுகிறது. பொத்தியார் நண்பன் சொற்படி சென்று, சொற்படியே மீண்டவர். நாங்களோ அழைத்தபோது போகாமல் காலங்கடந்து சென்றவர்கள்.

மைப்படியைத் துறை அறிஞர்களின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறோம். அவர்கள் முடிவு கூறும்வரை அவ்வீரனின் பெயரை வெளியிடுவது முறையன்று. ஆனால் உடன் வைத்த குறிப்பில், படித்தவர் என்ற இடத்தில், நண்பரின் பெயரை முதன்முறையாக எழுதினோம். இருந்திருந்தால் கட்டாயம் மறுத்திருப்பார். கோவிவன் பெயரையும் விடாமல் பொறித்த மரபை எங்களுக்குக் கற்பித்தவர் அவரே என்று அவருக்கு விடை சொல்லியிருப்போம்.