காந்த நீர்மமும் அதன் எண்ணெய்ப் போர்வையும்

காந்தத்தை அருகே கொண்டுசென்றதும் முள்முள்ளாய்ச் சிலிர்த்தெழும் கரிய திரவத்தைப் படங்களிலேனும் பலர் கண்டிருப்பீர்கள். ‘காந்த நீர்மம்’ என இங்கே அதனைக் குறிப்போம். ‘காந்த நீர்’ என்றால் தண்ணீரோடு மயங்கும். நாசாவின் கண்டுபிடிப்பு என்பதோடு இதன் வரலாற்றை முடித்துவிடுவது வழக்கம். நமக்கோ அது பாதி வரலாறாகவே படுகிறது.

18ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த மருத்துவர் கோவின் நைட், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் முதல் தலைமை நூலகர். இரும்பு அரப்பொடியை நீர்த்தொட்டியில் இட்டு, நீர் கலங்கிக் கறுக்கும்வரை மணிக்கணக்கில் குலுக்குவார். கலங்கலை வேறு பாண்டத்தில் வடித்துத் தெளியவிட்டு, அடியில் படிந்த நுண்பொடியை உலர்த்தி, ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து சுட்டுச் செயற்கைக் காந்தக்கல் செய்தார். அவர் 1772இல் மறைந்தார். 1779இல்தான் பெஞ்சமின் வில்சன் இம்முறையை ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். நைட் தேடியது கல்லை. ஆகவே வண்டல் படிந்தது அவருக்கு வசதியாயிற்று. அது படியாமல் மிதந்தால்தான் நீர்மம்.

அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் நாசாவின் ஸ்டீவ் பாப்பெல். எடையற்ற வெளியில் ராக்கெட் எரிபொருள் தொட்டியின் அடியில் தங்காது. அதனைக் காந்தத்தால் பம்பின் வாய்க்கு இழுக்க எண்ணினார். மாக்னடைட் என்னும் இரும்புத் தாதுவை ஓலியிக் அமிலத்தோடு நாள்கணக்கில் அரைத்தார். 1965இல் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ 10 நானோமீட்டர் அளவுள்ள துகள்களை வெப்ப அசைவே மிதக்க வைத்துவிடும். ஆனால் அவை ஒன்றையொன்று ஈர்த்துத் திரளும். ஓலியிக் அமில மூலக்கூறு தன் தலையால் துகளைப் பற்றி, வாலை எண்ணெய்க்குள் நீட்டி, அடுத்த துகளை விலக்கி நிறுத்துகிறது. கடலை எண்ணெயிலும் மிகுதியாய் உள்ள பொருள்தான் இது! பின்னர் ரொனால்டு ரோசன்ஸ்வைக் இதனை மேம்படுத்தி, 1968இல் இதற்கென்றே ஒரு நிறுவனத்தை இணைந்து தொடங்கினார். ஒலிபெருக்கிகளிலும் சுழல்தண்டு அடைப்புகளிலும் அது இடம்பிடித்தது.

இன்று வீட்டில் செய்வோர் பலர் அச்சுப்பொறி டோனரைச் சமையல் எண்ணெயில் குழைத்து, காந்த நீர்மம் என்கின்றனர். டோனர்த் துகள் நூற்றுக்கணக்கான மடங்கு பருத்தது; சற்று நேரத்தில் படிந்துவிடும். இவர்கள் நைட்டின் தொட்டியருகே நிற்பவர்கள் என்றே சொல்வோம். மெய்யான வழி வேறு. மின்சுற்றுப் பலகை அரிக்கப் பயன்படும் ஃபெரிக் குளோரைடுக் கரைசலில் ஒரு பங்கை எஃகுக் கம்பளி இட்டு ஃபெரஸ் குளோரைடாக்கி வடிகட்டுவர். அதனை மாற்றாத இரு பங்கோடு கலந்து அம்மோனியா சேர்த்தால் மாக்னடைட் கரும்பொடியாகத் திரளும். அதனை ஓலியிக் அமிலத்தோடு சூடாக்கி, ஆறியபின் மண்ணெண்ணெயில் கலப்பர். அம்மோனியா ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்கும். மண்ணெண்ணெய் அருகே நெருப்பு ஆகாது. கண்ணாடியும் கையுறையும் அணிந்து, வேதியியல் அறிந்தவர் உடனிருக்கத் திறந்த வெளியில் செய்க.