உடலசைவு: எலும்பு, மூட்டு, தசை

தேகத்தின் சலனம் யாவும், நெம்புகோலாக நிற்கும் எலும்பும், அது திரும்புவதற்கு இடந்தரும் மூட்டும், சுருங்கி இழுக்கும் தசையும் ஒருங்கே தொழிற்படுவதால் நிகழ்வதாகும். வளர்ந்த மனிதனின் 206 எலும்புகளும் தாமாக அசையும் சக்தியற்றவை. தசைக்கோ இழுக்கத் தெரியுமே அன்றித் தள்ளத் தெரியாது. ஆகையால் மூட்டின் எதிரெதிர்ப் புறங்களில் தசைகள் அமைந்து, ஒன்று சுருங்குகையில் மற்றது பொதுவாகத் தளர்ந்து இடங்கொடுக்கிறது.

இதனைப் பிரத்தியட்சமாகக் காண விரும்புவோர், கண்டித் தலதா மாளிகையின் எசல பெரஹராவில் ஆடிவரும் வெஸ் நடனக்காரரின் கால்களை நோக்குவாராக. ‘மண்டிய’ என்னும் அடிப்படை நிலையில், தொடையெலும்பு இடுப்பு மூட்டில் வெளிப்புறமாகத் திரும்ப, முழங்கால் மடிந்து பக்கவாட்டில் விரிய, முதுகு மட்டும் நிமிர்ந்தே நிற்கிறது. பார்வைக்கு அசைவற்ற அந்நிலையிலும் உழைப்பு மிகுதி: உடற்பாரம் முழங்காலை மேலும் மடிக்க முயல, தொடையின் முன்புறத்து நாற்றலைத் தசை, முழங்காற்சில்லின் வழியாகக் கீழ்க்காலெலும்பைப் பற்றி இழுத்து அதனைத் தடுக்கிறது. எழும்புகையில் அத்தசையே சுருங்கிக் காலை நீட்ட, பிட்டத்தசை இடுப்பை நிமிர்த்த, கெண்டைக்கால் தசை குதிகாலை இழுத்து உடலை உந்துகிறது. துள்ளி இறங்கும்போதோ, தசை நீண்டுகொண்டே தடையிடுகிறது. புதிதாகப் பழகுவோர்க்கு மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இதனாலேயாம்.

முழங்கால் திருகுவதற்கு ஏற்ற மூட்டன்று. இடுப்பிலிருந்தன்றி முழங்காலிலிருந்தே காலைத் திருப்பும் மாணாக்கன், அம்மூட்டைப் பிணைக்கும் நார்களுக்குத் தானே கேடு தேடுகிறான்.