எந்தக் கிணற்றுக் கணக்கு?

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய வடக்குத்து வட்டாரத்தில் சுரங்கத்தின் கதையைச் சொல்ல வந்தால், கரியோடு தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வெளிப்பட்டது. மோட்டார் வைக்காமலே ஆர்ட்டீசியன் கிணறுகளில் தண்ணீர் பொங்கி வந்த மண்ணும் இதுதான்.

1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்; 1961இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் உண்மையான சவால் கரிக்கு அடியில் இருந்தது. அங்குள்ள நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தது. மேல்மண்ணை அள்ளிவிட்டால் சுரங்கத் தரையையே பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் இரவு பகலாக நீரை இறைத்தார்கள், இன்றும் இறைக்கிறார்கள்.

அழுத்தம் தணிந்ததா என்பதைக் கண்காணிப்புக் கிணறுகள்தான் சொல்ல வேண்டும். நீர்மட்டம் பார்க்கும் பழைய முறை எளிமையானது. எஃகு நாடாவின் நுனிப் பகுதியில் சாக்குக்கட்டியைத் தேய்த்துக் குழாய்க்குள் இறக்குவார்கள். வெளியே எடுத்தால் நனைந்த பகுதி நிறம் மாறியிருக்கும். இறக்கிய நீளத்தில் நனைந்ததைக் கழித்தால் மட்டம் கிடைத்துவிடும். கிணற்று எண், தேதி, நேரம் எல்லாம் உடனே நோட்டில் ஏறும். அளந்த கையே எழுதியதால், எந்தக் கிணற்றுக் கணக்கு என்ற சந்தேகத்துக்கு அங்கே அதிகம் இடமில்லை.

கம்பியில்லா உணரிகள் வந்தபோது அந்தக் கை விலகிக்கொண்டது. நிலத்தடி நீரழுத்தத்தை இப்படி அளந்ததற்கு நம் பக்கத்து உதாரணம் மூணாறு. 2005இல் நிலச்சரிவு கண்ட அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகத்தினர் துளையிட்டு உணரிகளைப் புதைத்தார்கள். அவை அனுப்பிய எண்கள் கருவிக்குக் கருவி தாவி, செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் பக்கம் உள்ள வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இப்படித் தாவி வரும் எண் எங்கே பிறந்தது, யார் யார் கை மாறியது? ஒவ்வொரு கருவியும் தன் அடையாளத்தைச் சேர்த்துக்கொண்டே போனால் செய்தி நீளும். நீண்டால் பேட்டரி தீரும். ஆயிரம் பிட்டுகளை 100 மீட்டர் தூரம் அனுப்பும் செலவில் 30 லட்சம் கட்டளைகளைச் செயலி முடித்துவிடும் என்று ஆய்வாளர்கள் பாட்டீயும் கைசரும் 2000இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். கணக்கிடுவது மலிவு, பேசுவதுதான் செலவு.

பர்ட்டன் ப்ளூம் 1970இல் வகுத்த வடிகட்டி இங்கே கைகொடுத்தது. தபாலில் ஒவ்வோர் ஊர் முத்திரைக்கும் தனி இடம் வேண்டும். இந்த வடிகட்டியிலோ எல்லாக் கருவிகளின் முத்திரைகளும் ஒரே சிறு கட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எத்தனை கருவி கடந்தாலும் கட்டத்தின் அளவு மாறாது. சல்மின் சுல்தானா, எலிசா பெர்ட்டினோ குழுவினர் இதை வைத்தே செய்தி வந்த வழியைச் சரிபார்த்து, போலியையும் பிடிக்க வழி செய்தார்கள். குறை ஒன்று உண்டு: கடந்து வந்த கருவியை அது விட்டுவிடாது, கடக்காத ஒன்றையும் எப்போதாவது கடந்ததாகக் காட்டிவிடும். கட்டத்தைப் பெரிதாக்கினால் இந்தப் பிழை குறையும், பேட்டரிச் செலவு ஏறும்.

சுரங்கத்தைச் சுற்றியுள்ள உழவர்கள் நீர்மட்டம் இறங்குவதாகப் பல காலமாக முறையிட்டுவருகிறார்கள். அவர்கள் முன் வைக்கப்படும் ஒவ்வொரு எண்ணும், பிறந்த கிணற்றின் அடையாளத்தோடு வருவதே நியாயம். அந்தச் சில பிட்டுகளுக்கு ஆகும் பேட்டரியைச் செலவழித்தே தீர வேண்டும்.