101 வெள்ளியா, 100 வெள்ளியா? தமிழர் மொய்யும் சீனர் அங்பாவும்

பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்திலிருந்தோ உடன் வேலை செய்பவரிடமிருந்தோ திருமண அழைப்பு வருவது நம் நாட்டில் புதிதல்ல. கடையில் வெள்ளை உறை ஒன்றை வாங்கி, அதில் 101 வெள்ளியை வைத்து, பெயரெழுதிக் கொடுத்துவிட்டு வரலாம் என்றே நம்மில் பலரும் நினைப்போம். ஆனால் சீனர் வழக்கப்படி வெள்ளை உறையும் ஒற்றைப்படைத் தொகையும் துக்க வீட்டுக்கு உரியவை. வாழ்த்தாக எண்ணிக் கொடுப்பது அங்கே இரங்கலாகப் படிக்கப்படும்.

ஒற்றையும் இரட்டையும்

தமிழர் மொய் பெரும்பாலும் ஒன்றில் முடியும். 51, 101, 501 என்று எழுதுவதே வழக்கம். பூஜ்ஜியத்தில் நின்றால் கணக்கு முடிந்துவிட்டதாகும். கூட ஒன்று சேர்த்தால் உறவு தொடரும், செல்வம் வளரும் என்பது பெரியவர்கள் சொல்லும் விளக்கம். நிச்சயதார்த்தத்தில் வரிசைத் தட்டுகளையும் 7, 9, 11 என்று ஒற்றைப்படையில்தான் எடுத்துச் செல்கிறோம்.

சீனர்களுக்கு நல்ல காரியம் இணையாகவே வர வேண்டும். திருமணத்திற்கு இரட்டைப்படைத் தொகையே பொருத்தம். இரட்டை எண்ணாக இருந்தும் 4 மட்டும் விலக்கு, ஏனென்றால் அதன் ஒலி 'சாவு' என்ற சொல்லை ஒத்திருக்கிறது. செழிப்பைக் குறிக்கும் சொல்லை ஒத்து ஒலிப்பதால் 8 விரும்பப்படுகிறது. சீனப் புத்தாண்டில் வீடு தேடி வருபவர்கள் இரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கொடுப்பதும், விடைபெறும்போது வீட்டுக்காரர் இரண்டு பழங்களைத் திருப்பித் தருவதும் இந்த இணைக் கணக்கில்தான்.

உறையின் நிறம்

ஹொக்கியன் மொழியில் 'அங்' என்பது சிவப்பு, 'பாவ்' என்பது பொட்டலம். ஆகவே திருமணத்துக்கும் புத்தாண்டுக்கும் சிவப்பு உறைதான். துக்க வீட்டில் கொடுக்கும் பணத்திற்கு 'பெக் கிம்' என்று பெயர். அதை வெள்ளை உறையில், ஒற்றைப்படைத் தொகையாக வைப்பார்கள். அங்கே சிவப்பு உறையை நீட்டினால் அவர்களின் துயரத்தைக் கொண்டாடுவது போலாகிவிடும். துக்க வீட்டார் வந்தவர்களுக்குச் சிவப்பு நூலும் மிட்டாயும் தருவதுண்டு. கெட்டது பின்தொடராமல் இருக்கத் தரப்படுவதால் அதை மறுக்காமல் பெற்றுக்கொள்வது மரியாதை.

தமிழர் உறைக்கு இத்தனை கட்டுப்பாடு இல்லை. வெள்ளை உறையானாலும் மூலையில் மஞ்சள் தடவினால் அது மங்கலமாகிவிடும்.

பொருளாகக் கொடுத்தால்

திருமணத்திற்கும் புதுமனை புகுவிழாவிற்கும் சுவர்க் கடிகாரம் கொடுப்பது நம்மிடம் சாதாரணம். சீனருக்கு அதைக் கொடுக்கவே கூடாது. மாண்டரினில் 'கடிகாரம் கொடுத்தல்' என்பது 'இறுதிக் கடன் செய்தல்' என்பதைப் போலவே ஒலிக்கும். குடை, பிரிவைக் குறிக்கும் சொல்லின் ஒலியைக் கொண்டது. கைக்குட்டை கண்ணீரை நினைவூட்டும். கத்தியும் கத்தரிக்கோலும் உறவை வெட்டுவதாகக் கருதப்படும்.

நம் வீட்டுக்கு வரும் சீன நண்பர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை உண்டு. இந்து வீட்டிற்கான பரிசுக் கூடையில் மாட்டிறைச்சி கலந்த உணவு இருக்கக்கூடாது. மங்கல நிகழ்ச்சியில் கறுப்புத் தாள் சுற்றிய பரிசைப் பெரியவர்கள் விரும்புவதில்லை. இடக்கையால் எதையும் நீட்டுவது அழகல்ல. சீனர்கள் இரு கைகளாலும் கொடுத்து, இரு கைகளாலும் வாங்குவார்கள். கொடுத்தவர் முன்னிலையில் உறையைப் பிரிக்க மாட்டார்கள்.

இரு பக்கமும் ஒரு நோட்டு

கணக்கு விஷயத்தில் மட்டும் இரு சமூகத்தாரும் ஒரே மாதிரிதான். நம்மிடம் மொய் நோட்டு என்றால், சீனத் திருமணங்களில் வாசல் மேசையில் வருகைப் பதிவோடு அங்பாவ் தொகையையும் குறித்து வைக்கும் வழக்கம் உண்டு. வந்த தொகையைப் பார்த்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் குறையாமல் திருப்பிச் செய்வது இரு பக்கத்திலும் கடமை. சீனர்கள் இன்னொன்றையும் பார்ப்பார்கள். விருந்து பெரும்பாலும் பத்துப் பேர் அமரும் மேசைக் கணக்கில் நடப்பதால், தன் இருக்கைக்கான செலவையாவது அங்பாவ் ஈடுகட்ட வேண்டும் என்பது எழுதாத விதி. குடும்பத்தோடு போகிறவர்கள் இதையும் கணக்கில் கொள்வது நல்லது.

பழக்கம் பரவிய விதம்

பிற சமூகத்தின் வழக்கம் நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குக் கையில் காசு கொடுத்த காலம் போய், இன்று ஊதா, மஞ்சள் நிறத் தீபாவளி உறைகளில் வைத்துக் கொடுக்கிறோம். மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளில் பச்சை உறை தருகிறார்கள். உறை எல்லாருக்கும் பொதுவாகிவிட்டாலும் அதன் நிறத்துக்கும் உள்ளே இருக்கும் எண்ணுக்கும் உரிய பொருள் அந்தந்தச் சமூகத்துடையதாகவே இருக்கிறது.

எனவே சீனத் திருமணத்திற்குச் சிவப்பு உறை, இரட்டைப்படைத் தொகை, புது நோட்டு. நம் திருமணத்திற்கு வரும் சீன நண்பர் விவரம் கேட்டால், 100 வெள்ளியோடு இன்னும் ஒரு வெள்ளி சேர்க்கச் சொல்லி, அதன் காரணத்தையும் சொல்லலாம்.